கெட்ட செய்திக்குக் கப்பல் கிடையாது

என் மகளின் இடது புருவம் என் கைக்குட்டையோடு வந்துவிட்டது.

போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கப்பலை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில் இது நடந்தது. மழை என்றும் சொல்ல முடியாத, மழையில்லை என்றும் சொல்ல முடியாத தூறல். ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நிமிர்ந்தபோது நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. கண்மை கரைகிறது என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். துடைத்த இடத்தில் புருவம் இல்லை. வெறும் தோல் இருந்தது, லேசாகத் தடித்து, சிவந்து.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கைக்குட்டையைப் பார்த்தேன். பின்னால் குடையோடு நின்ற என் மனைவி, எங்கள் இருவரையும் விட்டுவிட்டு என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டோ கிடைக்குமா?" என்று கேட்டேன்.

அதைத்தான் கேட்டேன். நெஞ்சு பதறியது, வயிறு கலங்கியது என்றெல்லாம் இப்போது எழுதிக்கொள்ளலாம், யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் எதுவும் நடக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால், உதடு யாருடையதோ என்று தோன்றும். அப்படி இருந்தது. ஆட்டோ கிடைத்தது. லம்பா லைனில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் மூன்று பேரும் டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

நான் மின்துறையில் ஜூனியர் இன்ஜினியர். கேம்ப்பெல் பேயில் டீசல் பவர் ஹவுஸ் வேலை. இந்தியா கன்னியாகுமரியோடு முடிந்துவிடுகிறது என்று நம்புகிறவர்கள் மெயின்லேண்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்கும் வெகு தெற்கே, கிரேட் நிகோபாரில் உட்கார்ந்து நான் ஃபியூஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போனால் வழியில் உள்ள தீவுகளையெல்லாம் தொட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவும் கடல் மனசு வைத்தால். கப்பல் எப்போது புறப்படும் என்று ஒரு ப்ரோக்ராம் போடுவார்கள், பிறகு அதை மாற்றுவார்கள், பிறகு மாற்றியதையும் மாற்றுவார்கள். ஹெலிகாப்டர் உண்டு. அதில் இடம் கிடைக்க நோயாளியாகவோ பெரிய அதிகாரியாகவோ இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் பிழைக்கிறவர்களுக்கு எழுதாத ஒரு சட்டம் உண்டு. கடல் தாண்டி இருக்கிறவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. சொன்னால் அவர்கள் அங்கே கிடந்து துடிப்பார்கள், புறப்பட்டு வரவும் முடியாது. அதனால் நல்லதை மட்டும் சொல்ல வேண்டும், கெட்டது ஆறிப்போன பிறகு சொல்ல வேண்டும். என் அம்மாவுக்குக் குடல் ஆபரேஷன் நடந்ததைத் தையல் பிரித்த பிறகுதான் கச்சால் தீவில் வேலை பார்த்த என் அப்பாவுக்குச் சொன்னோம். ராமநாதபுரத்தில் என் பெரியப்பா செத்ததை, பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டுத்தான் எங்களுக்குப் போன் பண்ணினார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை. எவ்வளவு பக்குவமா நடந்துக்கிட்டாங்க பாரு என்றுதான் பேசிக்கொண்டோம். பெங்காலி வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் இதே கதைதான். எத்தனை ஊர்க்காரர்கள் வந்து குடியேறினாலும் இந்த ஒரு விஷயத்தில் தீவு எல்லோரையும் ஒன்றாக்கிவிட்டது.

அந்தக் காலத்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது. போன் கிடைப்பதே பெரிய பாடு, கிடைத்தால் கேட்காது, கேட்டால் அறுந்துவிடும். அந்த நேரத்துக்குள் "நல்லா இருக்கோம்" என்று கத்தினாலே பெரிய விஷயம். இப்போது கடலுக்கடியில் கேபிள் போட்டுவிட்டார்கள். கேம்ப்பெல் பேயிலிருந்து வீடியோ காலில் வீட்டுச் சுவரில் ஊரும் பல்லியைக்கூடப் பார்க்கலாம். கேபிள் வந்தது, சட்டம் போகவில்லை. தினமும் சாயங்காலம் நான் கூப்பிடுவேன். "சப் டீக்?" என்பேன். "சப் டீக்" என்பார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று. சாப்பிட்டாச்சா, படிச்சாச்சா, சரி வைக்கட்டா. மூன்று பேரும் சிரித்த முகத்தோடு வைப்போம்.

சில மாதமாகவே மகள் கண்ணுக்கு மை தீட்டி, புருவமும் எழுதிக்கொண்டு வந்து உட்காருவாள். தலையில் அகலமாக ஒரு ஹேர்பேண்ட். "என்ன, பெரிய மனுஷி ஆயிட்டியா? மேக்கப் எல்லாம் பலமா இருக்கு?" என்று கிண்டல் பண்ணுவேன். அவள் சிரிப்பாள். நான் கூப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், என் மனைவி சமையலறை விளக்கடியில் அவளை நிறுத்தி, முகவாயைப் பிடித்து, மைப் பென்சிலால் புருவம் வரைந்துவிடுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு புருவமும் ஒரே மாதிரி வர நேரம் பிடிக்குமாம். ஆரம்பத்தில் கோணலாக வந்ததாம், போகப் போகக் கை பழகிவிட்டதாம்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்த அன்று மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். மகள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பருந்து?"

"ஸ்கூல் திறந்து கொஞ்ச நாள்லருந்து. மொதல்ல புருவம். அப்புறம் உச்சந்தலைல. ஒவ்வொண்ணா புடுங்குறா. டி.வி. பாக்கும்போது, படிக்கும்போது. தலகாணியெல்லாம் முடி. அடிச்சுப் பாத்தேன், வேப்பெண்ணெ தடவிப் பாத்தேன், கையில கிளவுஸ் மாட்டி விட்டேன். தூங்கும்போது அதக் கழட்டிட்டுப் புடுங்குறா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? ப்ரோக்ராம் வர்ற வரைக்கும் அங்க உக்காந்து தலைய பிச்சுக்கிட்டு…"

பாதியில் நிறுத்திவிட்டாள். வாய் தவறி வந்த சொல்தான். கத்தியைக் கீழே வைத்தாள், பிறகு எடுத்து மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது எப்போதோ தீர்ந்துவிட்டது என்று பிற்பாடு ஒருநாள் சொன்னாள். வெங்காயத்துக்கும் அவள் கண் கலங்கவில்லை.

மகள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். முதல்முறையாக உச்சியைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகத் தெரிந்தது. நடுவே குத்துக் குத்தாகப் புதுமுடி. பார்க்காத மாதிரி இருக்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்த மாதிரி காட்ட வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டுக்கும் வழி தெரியாமல், "தலைய நல்லாத் துவட்டு" என்றேன்.

மறுநாள் இதே ஊரின் குட்வில் எஸ்டேட்டிலிருந்து என் மனைவியின் அக்கா வந்தாள். அவளுக்கு விஷயம் முன்பே தெரியும். கடல் தாண்டாத இடத்தில் இருக்கிறவள் இல்லையா. "இதுக்குப் போயி டாக்டரு கீக்டருன்னு அலையாதீங்க. முருகனுக்கு வேண்டிக்கிட்டு ஒரு மொட்டையப் போடுங்க. கேக்குறவங்களுக்கு நேத்திக்கடன்னு சொன்னாப் போச்சு. முடியும் ஒண்ணு போல வளந்துரும்" என்றாள். நல்ல யோசனை என்றுகூட எனக்குப் பட்டது. ஊர் வாயை மூட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. என் மனைவி தலையாட்டத் தொடங்கிவிட்டாள். கட்டிலில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்த என் மகள் எழுந்து வந்து கேட்டாள்.

"மொட்டை போட்டா புடுங்க முடியாதுல்ல, பெரியம்மா?"

ஆசையாகக் கேட்டாள். பொம்மை வாங்கித் தருவீர்களா என்று கேட்கிற குரல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்தப் பிள்ளை பிடிவாதத்தில் பிடுங்கவில்லை, நிறுத்த வழி தேடிக்கொண்டிருக்கிறாள். பெரியம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினோம். மொட்டை வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்று மகள் கேட்டதற்கு, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் டாக்டர் ஒரு அம்மா. வடநாட்டுக்காரர், ஓயாத பரபரப்பு. வெளியே வரிசை நீண்டிருந்தது. முதலில் மகளிடம் தனியாகப் பேசினார். என் மகள் எங்களிடம் தமிழ் பேசுவாள், பள்ளியிலும் தெருவிலும் இந்தி. கனவுகூட இந்தியில்தான் காண்கிறாள் என்று நினைக்கிறேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எங்களுக்கு அவள் இந்தியில் விடாமல் பேசுவது கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை, சத்தம் மட்டும். இவ்வளவு பேசுவாளா என்று நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகு எங்களைக் கூப்பிட்டார். அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம், இன்றைக்குப் பிடுங்கினாயா என்று தினமும் விசாரிக்க வேண்டாம் என்றார். வேண்டுமென்று செய்வதில்லை, உள்ளே பயம் ஏறும்போது கை தானாகப் போகிறது. கை போகும் நேரத்தில் உருட்டிப் பிசைய மாவோ களிமண்ணோ கொடுங்கள். வாரா வாரம் கூட்டி வாருங்கள், மற்றதை நாங்கள் பழக்குகிறோம். நாளாகும். கூடும், குறையும், மறுபடி கூடும், பயப்படாதீர்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "வீட்டில் கெட்ட விஷயங்களை எப்படிப் பேசிக்கொள்வீர்கள்?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல அதெல்லாம் பேசிக்கிறதே இல்ல மேடம்" என்றேன் இந்தியில், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் பேனாவை மூடினார். இங்கே வருகிற பாதிக் குடும்பங்கள் இதையேதான் சொல்கின்றன என்றார். பிறகு ஒரு வேலை கொடுத்தார். தினமும் சாப்பிடும்போது ஆளுக்கு ஒன்று, அன்றைக்கு நடந்த நல்லதில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கேட்கிறவர்கள் சமாதானம் சொல்லக் கூடாது, வழி சொல்லக் கூடாது, கேட்டால் போதும். பெற்றோரும் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரை ஏதும் இல்லையா என்று கேட்டேன். இப்போதைக்கு இதுதான் மாத்திரை என்றார். அரசாங்கச் செலவில் கிடைக்கும் மாத்திரைகளில் இதைவிடக் கசப்பானதை நான் விழுங்கியதில்லை.

முதல் நாள் தட்டைச் சுற்றி மூன்று பேரும் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். மனைவி ஆரம்பித்தாள். "பால் திரிஞ்சு போச்சு." மகள், "என் வாட்டர் பாட்டில் மூடி தொலஞ்சிருச்சு" என்றாள். "மூடிதான, வேற வாங்கி…" என்று வாயெடுத்தேன். "ப்பா! டாக்டர் ஆன்ட்டி என்ன சொன்னாங்க?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். இப்போது என் முறை.

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். காலையில் எழுந்தது, பல் தேய்த்தது, பேங்குக்குப் போனது. எதிலும் எதுவும் இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வெந்நீரில் கையை வைத்து அது சூடா ஆறியதா என்று தெரியாவிட்டால் எப்படியிருக்கும்? "எனக்கு எல்லாம் நல்லாத்தாம்மா போச்சு" என்றேன்.

"ஜூட்" என்றாள். பொய் என்று இந்தியில் சொன்னால் இங்கே கொஞ்சம் அழுத்தமாக விழும்.

அடுத்த நாள் காலில் முள் குத்திவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். காலைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். விளக்கை அருகில் கொண்டுவந்து பார்த்தாள். முள்ளும் இல்லை, தழும்பும் இல்லை. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு அது. ஆனால் மகள் சிரிக்கவில்லை. என் பாதத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எப்பவும் இப்படித்தான் ப்பா" என்றாள். குற்றம் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

சப்பாத்தி மாவு பிசைவது அவள் வேலை ஆனது. டி.வி. பார்க்கும்போதும் மடியில் ஒரு உருண்டை இருக்கும். அழுக்கேறிப்போன அந்த மாவை வைத்து அவள் செய்த முதலை ரொம்ப நாள் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. சில நாள் தலைகாணியில் முடி இல்லை. சில நாள் இருந்தது. இருந்த நாளில் என் மனைவி சத்தமில்லாமல் உதறிப் போடுவாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். உதவிக்குப் போக வேண்டும் என்றுகூடத் தோன்றாது.

இப்படியே இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம், நல்ல மழை, சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். மகள் கையில் இருந்த சப்பாத்தியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"இது இன்னைக்கு நடந்தது இல்ல. பழசு. சொல்லலாமா?"

"சொல்லு."

"ஸ்கூல்ல மாக் டிரில் வச்சாங்கல்ல. சைரன் அடிச்சா மேல ஓடணும். அப்ப மிஸ் சுனாமி பத்தி சொன்னாங்க. அப்பா எங்க இருக்காங்கன்னு பக்கத்துல இருக்குறவ கேட்டா. கேம்ப்பெல் பேன்னு சொன்னேன். வோ தோ டூப் கயா தா-ன்னு சொன்னா."

அந்த ஊர்தான் முழுகிப் போச்சே என்று அர்த்தம். அந்தப் பெண் சொன்னதில் தவறில்லை. அந்தப் பெரிய சுனாமியில் அங்கே கரையோரம் நிறையவே முழுகிப் போனது. இப்போதும் சில இடங்களில் தண்ணீருக்குள் செத்த மரங்கள் நிற்கின்றன.

"அப்புறம் ஒருநா ஆட்டோ அங்கிள் சொன்னாரு, கேம்ப்பெல் பேல பூகம்பம்னு. நான் சாயந்தரம் வரைக்கும் உங்க போனுக்காக உக்காந்திருந்தேன். நீங்க கூப்பிட்டீங்க. சப் டீக்னு சொன்னீங்க. சாப்டியான்னு கேட்டீங்க. நான் பூகம்பம் பத்திக் கேக்கவான்னு அம்மாவப் பாத்தேன். அம்மா தலைய ஆட்டுனாங்க, வேணாம்னு."

என் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்பவும் டீக்னுதான் சொல்றீங்க. தண்ணி வந்தாலும் டீக்னுதான் சொல்லுவீங்க. அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. இன்ஜின் ரூமில் இருந்தேன். பேனல் கடகடவென்று ஆடியது, லைன் ட்ரிப் ஆகி ஊரே இருண்டது. வெளியே ஓடினோம், நின்றோம், கொஞ்ச நேரத்தில் உள்ளே போனோம், ஜெனரேட்டரைத் திரும்ப ஓட்டினோம். சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டு சப் டீக் என்றேன். அவளுக்காக மறைத்தேன் என்று சொன்னால் அது கௌரவமாக இருக்கும். நிஜம் என்னவென்றால் அதற்குள் எனக்கே மறந்துவிட்டது. அங்கே அடிக்கடி ஆடும். ஆடுவதும் சாப்பிடுவதும் எனக்கு ஒன்றாகிவிட்டது. ஆனால் இங்கே ஒரு பிள்ளை, ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு சின்னத் திரையில் என் முகத்தைப் படித்துப் படித்துப் பார்த்து, அதில் எதுவும் எழுதியிராததால் தன் புருவத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என் குவார்ட்டர்ஸ் மேட்டு மேல இருக்கும்மா. பின்னாடியே மலை. ஏற வழி இருக்கு" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"நிஜமாவா ப்பா?"

சத்தியம் பண்ணினேன். குவார்ட்டர்ஸ் போட்டோவைப் போனில் காட்டினேன். பார்த்தாள், தலையாட்டினாள். நம்பவில்லை. நம்ப முடியாது என்று எனக்கே தெரிந்தது. வருஷக்கணக்காக ஒரே வார்த்தையைச் சொன்ன வாய், இன்றைக்கு நிஜம் பேசினாலும் அதே மாதிரிதானே கேட்கும்? என் மகள் குணமாவது மாவு உருண்டையிலோ எண்ணெயிலோ இல்லை, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அவள் அதை நம்புவதில் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதில் ஒன்றும் ஆகவில்லை. வாங்கிக் கொடுக்கிற பொருளா அது.

லீவு முடிந்தது. போர்ட் பிளேருக்கே மாற்றல் கேட்டு மனு கொடுத்திருந்தேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். ஜெட்டிக்கு மகள் புருவம் வரையாமல் வந்தாள். அவளே வேண்டாம் என்றாளாம். ஒரு புருவத்தில் பாதி முளைத்திருந்தது. தெரிந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். கப்பலில் மேல் தட்டில் நின்று கையாட்டினேன். பக்கத்தில் ஒருவர் தன் குடும்பத்தைப் பார்த்து விசும்பிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

போனிலும் சாப்பாட்டுப் பழக்கத்தைத் தொடர்ந்தோம். "இன்னைக்குப் புடுங்கிட்டேன் ப்பா. கொஞ்சம்" என்பாள். பின்னால் என் மனைவி சங்கடமாக நகர்வது தெரியும். பழைய பழக்கம், கெட்ட செய்தி கடல் தாண்டிப் போகிறதே என்று. "எப்போ?" என்பேன். "மேத்ஸ் டெஸ்ட் அப்ப." "ம்." அவ்வளவுதான். என் பங்குக்கு நானும் சொல்வேன். குழம்பு அடிபிடித்துவிட்டது. டீசல் வரும் கப்பல் தாமதம். மழையில் துணி காயவில்லை. அவள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வாள். தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிற மாதிரி நானும் தினம் ஒன்று குத்தினேன்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளித்துக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் சோப்பு. வாளித் தண்ணீர் முதலில் நடுங்கியது. பிறகு சுவர். பிறகு தரை காலுக்கடியில் வழுக்கிக்கொண்டு போனது. இதுவரை ஆடியதெல்லாம் ஆட்டமே இல்லை. அலமாரியிலிருந்து பாத்திரமெல்லாம் கொட்டுகிற சத்தம். இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினேன். படி இறங்கும்போது முழங்கால் மடங்கி விழுந்தேன், எழுந்து ஓடினேன்.

ரோட்டில் குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். லுங்கியோடு, பனியனோடு, ஒருவர் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் ஷேவிங் சோப்போடு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் கீழே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அது பின்வாங்குகிறதா என்று. ஆட்டம் நின்ற பிறகும் எனக்குக் கால் ஆடிக்கொண்டிருந்தது. தொடையைக் கையால் அழுத்திப் பிடித்தேன். நிற்கவில்லை.

பிறகு போன்கள் அடிக்க ஆரம்பித்தன. அந்த ரோட்டில் அப்போது நான் கேட்டதை மறக்க மாட்டேன். மலையாளி, ஒன்றுமில்லை என்று மலையாளத்தில் சொன்னான். பெங்காலி, கவலைப்படாதே என்று அவன் பாஷையில். தெலுங்கில் ஒருவர், சாப்பிட்டீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ராஞ்சிக்காரர், சப் டீக், சப் டீக் என்றார். அத்தனை பேரும் கடலைவிட்டுக் கண்ணை எடுக்காமல், குரலில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு சொன்னார்கள்.

யாரோ என் ரூமுக்குள் ஓடி, அடித்துக்கொண்டிருந்த என் போனையும் எடுத்து வந்து கையில் கொடுத்தார். வீடியோ கால். என் மகள். பின்னால் என் மனைவி, வெளிறிப்போய். அவர்களுக்கும் லேசாக ஆடியிருக்கிறது.

"ப்பா?"

சப் டீக் என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அது தானாக வரும், அதற்கு நான் தேவையில்லை.

"இல்லம்மா" என்றேன். "ரொம்ப ஆடிருச்சு. நான் கீழ விழுந்துட்டேன். பயந்து போயிட்டேன். எனக்குக் கால் இன்னும் நடுங்குது."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. முழுதாக வந்தது. எத்தனையோ வருஷத்துப் பயமெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். துண்டும் சோப்புமாக, பக்கத்தில் அத்தனை ஆம்பிளைகள் நிற்க, நான் அழுதேன். கண்ணில் சோப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"தண்ணி?" என்று கேட்டாள்.

போனைத் திருப்பிக் கடலைக் காட்டினேன். "அது இடத்துலயேதான் இருக்கு. அதத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறோம். உள்ள போற மாதிரி தெரிஞ்சா மலையேறிருவோம்."

அவள் பார்த்தாள். இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவளுமாகப் பார்த்தோம். கடல் எப்போதும் போல அலையடித்துக்கொண்டிருந்தது. பிறகு போனை என் பக்கம் திருப்பச் சொன்னாள். என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். மூக்கு ஒழுகி, கண் சிவந்து, நுரை காய்ந்து வெள்ளையாகப் படிந்த முகம்.

"அம்மா!" என்று உள்ளே திரும்பிக் கத்தினாள். "அம்மா, அப்பா நிஜமாவே பயந்துட்டாரு!"

அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது.